பனிக்குடத்துத் தண்ணீர்

என் மனைவி எனக்கு அத்தை மகள். கல்யாணத்துக்குப் பிறகும் என்னை அத்தான் என்றேதான் கூப்பிட்டாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து நாங்கள் பட்டணத்துக்கு வந்தது என் வேலைக்காக. தியாகராய நகர் பாண்டி பஜாரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். அதில் நான் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிற ஆள். குடியிருப்பு மந்தைவெளியில், ஒரு வீட்டின் பின்கட்டில். காலையில் சைக்கிளில் போவேன், கடை மூடியதும் சைக்கிளில் திரும்புவேன்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். குண்டு விழும் என்று பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் ரயில் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். பிள்ளைத்தாச்சியை அந்தக் கூட்டத்தில் ஊருக்கு அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் அத்தையே ஏழாம் மாதத்தில் கிளம்பி வந்துவிட்டாள். என் அப்பாவின் தங்கை அவள். எனக்கு மாமியாரும் அவள்தான். என் மனைவி அவளுக்கு ஒரே மகள். முன்னால் பிறந்தவை எதுவும் தங்கவில்லை. மகளுக்கு ஒரு தடவை நாலாம் மாதத்தில் கலைந்து போயிருந்ததால், இந்தத் தடவை அவளைக் குனிய விடாமல், குடம் தூக்க விடாமல் அத்தை கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் லேடி டாக்டர் ஒருவர் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பழைய வீடுதான், கூடத்தில் கட்டில்கள், உள்ளே ஒரு பிரசவ அறை. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, சொன்னது புரிந்ததா என்று நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அத்தைக்கு ஆஸ்பத்திரி பிடிக்கவில்லை. வீட்டுக்கே மருத்துவச்சியைக் கூப்பிடலாம் என்றாள். மகள்தான் சமாதானம் சொன்னாள். “இருக்கட்டும் அம்மா. அங்க வெள்ளை வெளேர்னு கட்டில் போட்டிருக்கு. நானும் ஒரு நாள் அதுல படுத்துப் பார்க்கேன்” என்று சிரித்தாள்.

வலி விடியற்காலையில் கண்டது. ஜட்கா பிடித்துப் போனோம். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டும், வலி விட்ட நேரத்தில் குதிரை நொண்டுகிறது பாவம் என்று வண்டிக்காரனிடம் பேசிக்கொண்டும் வந்தாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “எல்லாம் நன்னா இருக்கு. மத்தியானத்துக்குள்ள ஆயிடும்” என்றார். என்னை வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். அத்தை உள்ளே போனாள்.

என் மனைவியின் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வலி வரும்போது அம்மா என்றாள், முருகா என்றாள், ஒரு தடவை என்னையும் திட்டினாள். ஆஸ்பத்திரி ஆயா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, “இன்னா நைனா, உன் பேர் நல்லா ரிப்பேர் ஆவுது உள்ள” என்றாள். கொஞ்ச நேரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது என்று ஆயாவே வந்து சொன்னாள். இனிமேல் சுருக்க ஆகிவிடும் என்றாள். நான் எழுந்து நின்றேன்.

அப்போதுதான் அவள் குரல் மாறியது. வலியில் கத்துகிற குரல் இல்லை அது. “குளிருது, அம்மா. மூச்சு அடைக்கி” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் சத்தமே இல்லை. கட்டில் மட்டும் தடதடவென்று ஆடியது. டாக்டரம்மா ஏதோ அதட்டிச் சொன்னார், பாத்திரம் விழுந்தது, அத்தை ஓவென்று அலறிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தாள். “ஏய்யா, எம்மவ நீலமாயிட்டா. உதடெல்லாம் நீலமாயிட்டு. இழுக்கு அவளுக்கு” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவு மூடிக்கொண்டது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்கள். அது உடனே அழவில்லை. ஆயா அதை வராந்தாவுக்குத் தூக்கி வந்து, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி, வாயில் விரலை விட்டுத் துடைத்தாள். கடைசியில் கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெண் குழந்தை. அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நல்ல சமயம் வந்தது. டாக்டரம்மா கதவைத் திறந்து, “நாடி திரும்பியிருக்கு. கண்ணை முழிச்சிருக்கா. ஒரு நிமிஷம் வந்து பாருங்கோ” என்றார். பிரசவ அறைக்குள் ஆம்பிளையை விடுகிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. ஏன் விட்டார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவள் முகம் மாவு பூசினாற்போல் இருந்தது. ஆனாலும் என்னைத் தெரிந்துகொண்டாள். ஆயா குழந்தையைப் பக்கத்தில் காட்டினாள். அவள் ஒரு விரலால் அதன் மூக்கைத் தொட்டு, “உங்க மூக்கு” என்றாள். நாக்கைச் சப்பிக்கொண்டே, “வாயெல்லாம் உப்புக் கரிக்குது” என்றாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். கை சிவப்பாக வந்தது. அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் என்னைக் கேட்டாள்: “நான் வெத்தலை போடலையே அத்தான்?”

அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவள் முழங்கை மடிப்பைப் பார்த்தார். முன்னால் ஊசி குத்திய இடத்தில் வைத்திருந்த பஞ்சு நனைந்து, ரத்தம் கட்டில் சட்டத்தில் ஓடி, சொட்டிக்கொண்டிருந்தது. போர்வையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. “வெளில இருங்கோ” என்றார்.

ஒரு ஊசி முனை குத்திய இடம். கடையில் கத்தரிக்கோல் படாத நாள் எனக்குக் கிடையாது. விரலைச் சப்பினால் போதும், நின்றுவிடும். ரத்தம் என்றால் கொஞ்ச நேரத்தில் கட்டிவிடும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதுதான் அன்றைக்கு அவள் உடம்பில் நடக்கவில்லை. கர்ப்பப்பையிலிருந்து வந்தது, பல் ஈறிலிருந்து வந்தது, மூக்கிலிருந்து வந்தது. வந்தது எதுவும் கட்டவில்லை. கீழே வைத்திருந்த பீங்கான் தட்டை ஆயா வெளியே எடுத்துக்கொண்டு வந்தபோது பார்த்தேன். குங்குமம் கரைத்த தண்ணீர் மாதிரி தளும்பிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் அவள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றார். குழாயை உள்ளங்கையில் மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். அப்படியில்லை. ரத்தம் உறைகிறதா என்று பார்க்க அதற்கு உடம்புச் சூடு வேண்டுமாம். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கையைத் திறந்து குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் ஓடியது. மறுபடி மூடிக்கொண்டார். மறுபடி பார்த்தார். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

குழாயை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “ரத்தம் ஏத்தணும். பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குத் தெரிஞ்ச டாக்டரை வரச்சொல்லி டெலிபோன் பண்ணியிருக்கேன். பாட்டில், குழாய் எல்லாம் அவர் கொண்டு வருவார். ரத்தம் கொடுக்க ஆள் வேணும். எத்தனை பேர் முடியுமோ கூட்டிண்டு வாங்கோ.”

ஆயா பின்னாலேயே வந்தாள். “துணியும் எட்தா நைனா. மெல்லிசுத் துணி. இங்க கீறதெல்லாம் ஊறிப்போச்சு. நின்னுகினே இருக்காத, ஓடு.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டி பஜாருக்குப் பறந்தேன். துணிக்குக் கட்டுப்பாடு வந்திருந்த நாட்கள். மல் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒரு முழுக் கட்டு மல்லைத் தூக்கி வந்து என் கையில் வைத்தார். கடை வாசலில் மெஷின் போட்டிருந்த தையல்கார பாய் எழுந்து வந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், வீட்டில் உருது பேசுகிறவர். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவிக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்தவர். விஷயத்தைச் சொன்னதும் மெஷின் மேல் உறையைப் போட்டார். “வா தம்பி, போலாம். எனக்கு உடம்புல ரத்தம் நெறையக் கீது” என்று சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டார். துணிக்கட்டை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் வந்திருந்தார். ஒரு கண்ணாடித் துண்டில் அவள் ரத்தத்தோடு என் ரத்தத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். சேரவில்லை. அத்தையுடையதும் சேரவில்லை. பெற்றவள் ரத்தமும் கட்டினவன் ரத்தமும் ஆகாது என்றார்கள். பாயுடையது சேர்ந்தது. அவர் அத்தையைத் தயக்கத்தோடு பார்த்தார். அத்தை எங்கள் ஊரில் வேறு சாதிக்காரர் எவர் வீட்டிலும் தண்ணீர் குடிக்காதவள். அவள் பாயின் முன்னால் இரண்டு கையையும் கூப்பினாள். “எந்தச் சாதி ரத்தமா இருந்தா என்னய்யா. ஏத்துங்க. எம்மவ உசிரு நிக்கட்டும்.”

பாயைப் பெஞ்சில் படுக்கவைத்து எடுத்தார்கள். பாட்டில் நிறைந்ததும் ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, முழங்கையை மடக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் பஞ்சை எடுத்தபோது ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும்தான் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவளுக்கு அதே இடத்தில், அதே மாதிரி ஊசியில், காலையிலிருந்து நிற்கவில்லை.

பாயின் ரத்தம் மேலே ஏறியது. கீழே போனது. நான் கொண்டுவந்த மல்லை ஆயா கிழித்துக் கிழித்து உள்ளே கொடுத்தாள். அதை வைத்து அடைத்தார்கள், வயிற்றைப் பிசைந்தார்கள், கர்ப்பப்பை சுருங்க ஊசி போட்டார்கள். துணி கிழிபடுகிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் பிழைக்கிறவன் நான். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. கடைசியில் அந்தச் சத்தம் நின்றது. டாக்டரம்மா வெளியே வந்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். அவருடைய வெள்ளைக் கோட்டு முழங்கை வரைக்கும் நனைந்திருந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது.

கிருஷ்ணாம்பேட்டையில் எரித்துவிட்டு வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் அத்தை தனியாக அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தெருவே கூடும்படி கத்தியிருக்கிறாள். “ஊசியப் போட்டு எம்மவ ரத்தத்தைத் தண்ணியாக்கிட்டா. பாவி, நீ நல்லா இருப்பியா?” டாக்டரம்மா வாசலில் வந்து, கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாராம். மந்தைவெளிப் பெண்கள் அதற்குப் பிறகு பிரசவத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

குழந்தையை அத்தைதான் வளர்த்தாள். வளர்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பசும்பாலைக் காய்ச்சி, ஆற்றி, பாலாடையில் புகட்டினாள். அதற்கு அம்மை போட்டபோது பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முழுங்கி என்பாள், பெற்றவளை முழுங்கினவள் என்று. “முழுங்கி, சாப்பிட வா.” “முழுங்கி தூங்கிட்டா.” கோபமாகக்கூடச் சொல்லமாட்டாள். அந்த வார்த்தைக்குப் பழகிப்போய்க் குழந்தையும் அது தன் பேர் என்றே நினைத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்று வாத்தியார் பேரைக் கேட்டபோது, அது நிமிர்ந்து பார்த்து அதைத்தான் சொன்னது.

நான் எத்தனையோ தடவை சண்டை போட்டேன். அத்தை அழுவாள். கொஞ்ச நாள் கூப்பிடாமலே இருப்பாள். பிறகு வாய் தவறி வந்துவிடும்.

ஜப்பான் சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்து, கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம், டாக்டரம்மா வந்தார். துணி வாங்க வந்தவர் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. தலையில் நரை விழுந்திருந்தது. “உங்களோட கொஞ்சம் பேசணும்” என்றார். எதிரே பனகல் பார்க் ஓரமாகப் போய் ஒரு மரத்தடியில் நின்றோம்.

“உங்க ஆத்துக்காரிக்கு என்ன ஆச்சுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியலை” என்றார். “அதுக்கப்புறம் படிச்சுண்டே இருந்தேன். வெளிநாட்டுல இப்பத்தான் ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சுண்டு வரா. எனக்கு இப்பத்தான் வெளங்கித்து. உங்ககிட்ட சொல்லணும்னு தோணித்து.”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். குழந்தை வயிற்றுக்குள் தண்ணீரில் மிதக்கிறது. அந்தத் தண்ணீரில் அதன் தோல் உதிர்ந்த பொடி, பூனை முடி, உடம்பில் பூசியிருக்கிற மெழுகு எல்லாம் கலந்திருக்கும். எப்போதாவது, பல்லாயிரத்தில் எங்கோ ஒருத்திக்கு, பிரசவ நேரத்தில் அந்தத் தண்ணீர் கொஞ்சம் தாயின் ரத்தக் குழாய்க்குள் புகுந்துவிடும். புகுந்தது நேரே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகும். குளிருகிறது, மூச்சடைக்கிறது என்று அவள் சொன்னது அதனால்தான். அதோடேயே பாதிப் பேர் போய்விடுவார்களாம். தாண்டி வந்தவர்களுக்கு அடுத்தது காத்திருக்கும்.

“ரத்தம் உறையறதுக்குன்னு உடம்புல ஒரு சரக்கு இருக்கு” என்றார். “காயம் பட்டா அங்க போய் அடைக்கும். அந்தத் தண்ணிக்கு ரத்தத்தை உறைய வைக்கிற குணம் உண்டு. அது உள்ள கலந்ததும், காயமே இல்லாத இடத்துல, உடம்பு பூரா, கண்ணுக்குத் தெரியாத சின்னக் குழாய்ல எல்லாம் ரத்தம் உறைய ஆரம்பிச்சுடறது. இருக்கிற சரக்கெல்லாம் அதுலயே தீர்ந்துபோயிடும். அப்புறம் கர்ப்பப்பையில, நிஜமா உறைய வேண்டிய இடத்துல, உறையறதுக்கு ஒண்ணுமே இருக்காது. உங்களுக்குச் சொல்லணும்னா, கடைச் சரக்கு முழுக்கப் பின்வாசல் வழியா போயிடுத்து. முன்வாசல்ல ஜனங்க வந்து நிக்கறா. எதை எடுத்துக் குடுப்பேள்?”

நான் கேட்டேன், “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பிழைச்சிருப்பாளா?”

“எனக்குத் தோணலை. ரத்தம் ஒரு பாட்டிலுக்குப் பதிலா நாலு பாட்டில் கெடைச்சிருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பா.” பிறகு அவரே, “நிச்சயமா இதுதான்னும் சொல்ல மாட்டேன். நுரையீரலைத் திறந்து பார்த்திருந்தாத்தான் தெரியும். ஆனா நடந்ததெல்லாம் நான் படிச்ச மாதிரியே இருக்கு” என்றார்.

“யார் மேல தப்பு?”

“யார் மேலயும் இல்லை.”

“குழந்தை மேல?”

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “குழந்தையா? அது தன் மூச்சுக்கே தவிச்சுண்டிருந்தது” என்றார்.

அன்றைக்குச் சீக்கிரமே கடையை விட்டுக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் கிடந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, இனி அந்த வார்த்தை போய்விடும் என்று நினைத்தேன். அத்தை முற்றத்தில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் மகள் பக்கத்தில் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை அனுப்பிவிட்டுப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல சேதிதானே, கேட்கட்டும் என்றே இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி காரணமில்லை, டாக்டர் காரணமில்லை, யாரும் காரணமில்லை என்றேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். “அந்தத் தண்ணி ஏது?”

“பனிக்குடத்துத் தண்ணி. குழந்தை கிடந்த தண்ணி.”

“அதுல இவ முடியும் தோலுமா கிடந்துச்சு?”

“ஆமா.”

“அதான் எம்மவ ரத்தத்துல போச்சு?”

நான் தலையை ஆட்டினேன்.

“அப்ப நான் சொன்னதுதான்யா நிசம்” என்றாள் அத்தை. அவள் குரலில் வெற்றி இல்லை, கோபமும் இல்லை. “நான் அந்த டாக்டரைத்தான் வீணாப் பேசிட்டேன். இவ தண்ணிதான் எம்மவளைக் கொன்னிருக்கு.”

சிலேட்டில் பலப்பம் கீறுகிற சத்தம் நின்றது.

அந்த வாரமே மேற்கு மாம்பலத்தில் ஒரு அறை பிடித்து மகளோடு போய்விட்டேன். அத்தை மந்தைவெளியிலேயே இருந்தாள். அந்த வீட்டை விட்டு வர முடியாது என்றாள். இறந்துபோன தன் மகள் புழங்கின வீடு அது. நான் கடைக்குப் போகிற நேரத்தில் பக்கத்துப் போர்ஷன் அம்மாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள்.

புது இடத்தில் மகள் நன்றாகத்தான் இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், படித்தாள், சந்துப் பிள்ளைகளோடு ஓடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் எங்களைப் பார்க்க வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பில், “கண்ணு, குடிக்கத் தண்ணி எட்தா” என்றார். அவள் போகவில்லை. பானைக்குப் பக்கத்திலேயே நின்றாள். அதட்டினேன். டம்ளரைக் கையில் எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். “என் தண்ணி வேண்டாம். குடிச்சா பாய் செத்துப்போயிருவாங்க.”

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. மாம்பலத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை. கேட்டால் விளையாடப் போய்விடுவாள். தான் குளித்த தண்ணீர் அடுத்த வீட்டு வாசல் பக்கம் ஓடாமல் கையால் மண்ணை அணைத்து வைப்பாள். பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

பாய் எழுந்துபோய்த் தானே மொண்டு குடித்தார். அவளை ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது வாசலில் என்னிடம், “தம்பி, அந்த டாக்டரம்மாகிட்ட இட்டுனு போ. நாம சொன்னா ஆறுதல் சொல்றோம்னு நெனைச்சுக்கும்” என்றார்.

டாக்டரம்மா அவளைத் தன் மேஜை மேலேயே உட்காரவைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. குழந்தைதானே என்று கதை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதையே இன்னும் எளிதாகச் சொன்னார். அவள் கேட்டாள், “அந்தத் தண்ணி என்னோடதா?”

“உன்னோடது இல்லை. உங்கம்மா உடம்பு உனக்காகச் சேர்த்து வெச்சது. நீ அதுல மிதந்துண்டிருந்தே. எல்லாக் குழந்தையும் அப்படித்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.”

“அப்ப உங்கம்மா?”

“எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை.”

“எங்கம்மாவுக்கு மட்டும் ஏன்?”

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “தெரியலைம்மா” என்றார். “எப்படி ஆச்சுன்னு தெரியறது. ஏன்னு தெரியலை.”

அந்தப் பதில் போதுமா என்று எனக்குப் பயமாக இருந்தது. மகள் மேஜையிலிருந்து இறங்கி, வாசல் வரைக்கும் நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “அவங்களுக்கே தெரியலையாம்பா” என்றாள். அதில் அவளுக்கு ஏதோ ஒரு நிம்மதி இருந்த மாதிரி இருந்தது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆனது. அவள் பெரியவளாகி, கல்யாணமாகி, பெரிய ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிள்ளை பெற்றாள். அந்த ஒன்றோடு போதும் என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அத்தை வெள்ளிக்கிழமைகளில் மாம்பலத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பேத்திக்குப் பூ வாங்கி வருவாள், தலை பின்னிவிடுவாள். அந்த வார்த்தையை அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. பேரையும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனபோது, மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டேன். “அந்தப் பச்சைப் பிள்ளை என்ன செய்யும் அத்தை? டாக்டர் அவ்வளவு சொல்லியும் உனக்கு ஏன் மனசு ஆறலை?”

அத்தை பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவ சொன்னது எனக்கு விளங்காம இல்லய்யா. யாரும் செய்யல, சும்மா போயிட்டான்னு சொல்லுதாக. ரத்தம் கட்டல, போயிட்டான்னு சொல்லுதாக. அதை நான் எப்படி வச்சுக்கிட்டு இருப்பேன்? யார் மேலயாவது போட்டாத்தான் எனக்கு அன்னாடம் அடுப்புப் பத்த வைக்க முடியுது.”

பஸ் வந்தது. கையைக் கொடுத்து ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரமாக இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பஸ் திரும்புகிற வரைக்கும் நின்றுவிட்டு, பிள்ளை தனியாக இருப்பாளே என்று வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.